டீசல் வண்டியும் பின்னால் ஒரு கேரவனும்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். 2014 மாடல் டீசல் பார்ச்சூனர் ஒன்றைப் பழசாக வாங்கி, நான்கு வருடமாக அதன் பின்னால் ஒரு சின்னக் கேரவனை மாட்டி இழுத்துக்கொண்டிருக்கிறேன். நம் பக்கம் இது இன்னும் அபூர்வம். பெட்ரோல் பங்க், டீக்கடை, கல்யாண மண்டபம் என்று எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வைத்திருப்பதுதானே?

அது வேன் அல்லது பஸ் மேல் கட்டியது, சொந்த எஞ்சின் உண்டு. என்னுடையது எஞ்சின் இல்லாத, சக்கரம் வைத்த ஒரு அறை. காரின் கொக்கியில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். போன இடத்தில் கழற்றி நிறுத்திவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கோ கடைக்கோ போய் வரலாம். நாலு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஆள் திரும்ப மட்டுமே இடமுள்ள ஒரு கழிப்பறை. வெறும் எடை 850 கிலோ. சாமான் ஏற்றினால் 1,200 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பக்கத்தில் தகடு அடித்திருக்கிறது.

ஏனுங்க, டீசல் வண்டிதான் வேணுமா? பெட்ரோல் இழுக்காதா?

இழுக்கும். இழுவைக்கு வேண்டியது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்புகிற பலம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே அது கிடைக்க வேண்டும். டீசலில் அது சுலபமாகக் கிடைக்கிறது. என் வண்டியின் 3 லிட்டர் எஞ்சினுக்கு 343 நியூட்டன் மீட்டர். இப்போது வருகிற 2.8 லிட்டர் பார்ச்சூனர் ஆட்டோமேட்டிக்கில் 500. ஸ்கார்ப்பியோ-என் (N) டீசலில் மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்குக் 400. ஆனால் அதே ஸ்கார்ப்பியோ-என்னின் டர்போ பெட்ரோலும் 370க்குக் குறையாது. அதனால் பெட்ரோலுக்கு பலம் இல்லை என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. பாரம் ஏறும்போது அது குடிக்கிற குடிதான் தாங்காது.

இதைவிட முக்கியமான ஒன்று. எல்லாரும் முதலில் கேட்பது "இழுக்குமா?" என்றுதான். நாலு வருடத்தில் ஒரு நாள்கூட என் வண்டி இழுக்க முடியாமல் நின்றதில்லை. எனக்கு வியர்த்ததெல்லாம் நிறுத்தும்போதும், நேராகப் போக வைக்கும்போதும்தான்.

எந்த வண்டி வாங்கலாம்?

ஏணிச் சட்டம் போலத் தனிச் சேஸிஸ் உள்ள வண்டியாக இருந்தால் நல்லது. பார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ, தார், இசுசு வி-கிராஸ் எல்லாம் அந்த வகை. ஹாரியர், சஃபாரி, எக்ஸ்யூவி 700 போன்றவற்றில் உடம்பும் சட்டமும் ஒன்றாகவே இருக்கும். அவை இழுக்கவே இழுக்காது என்றில்லை. கொக்கியை எங்கே பிடிக்க வைப்பது என்பதில் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டு வீடியோவில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு வந்து "மூணு டன் இழுக்குமாம்" என்று சொல்பவர்கள் நிறைய. ஆஸ்திரேலியாவில் பார்ச்சூனர் ஆட்டோமேட்டிக்குக்கு 3,100 கிலோ என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது பிரேக் உள்ள டிரெய்லருக்கு, அந்த நாட்டு வண்டிக்கு. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. இதை இழுத்துப் பழகிய வெள்ளைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: புதிதாக ஓட்டுபவர், சாமானோடு சேர்ந்த கேரவனின் எடை காரின் வெறும் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார். நம் சாலைக்கு அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது 60 சதவீதத்துக்குள் அடங்குகிறது.

புது வண்டி என்றால் சாலை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் ஆயுள் வரி. நான் பழசு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொக்கியை நம்ம வெல்டிங் பட்டறையிலேயே அடித்துக்கொள்ளலாமா?

நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற நாடு இது. வெல்டிங்கில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. ஆனாலும் வேண்டாம். வண்டிக்கென்றே செய்த, சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்குகிற கொக்கியை வாங்குங்கள். பம்பர் இரும்பில் ஒட்டவைத்த கொக்கி அலங்காரத்துக்குத்தான் ஆகும். கொக்கியின் தலையில் இருக்கும் இரும்புக் குண்டு 50 மில்லிமீட்டர் அளவு, அதைப் பிடிக்கும் கேரவனின் கவ்வியும் அதே அளவு. கவ்வி மாட்டிய பிறகு, கேரவனின் ஜாக்கியைச் சுற்றிக் காரின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். கவ்வி விட்டுப் போகாமல் காரும் சேர்ந்து எழுந்தால் சரியாக மாட்டியிருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு சங்கிலி, கவ்விக்கு அடியில் குறுக்காக.

விளக்குக்கு ஏழு பின் பிளக். மஞ்சள் ஒயர் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு, வெள்ளை எர்த். எனக்கு ஒயரிங் செய்தவர் மஞ்சளையும் பச்சையையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். தாராபுரம் வரை கார் இடது பக்கம் கை காட்ட, கேரவன் வலது பக்கம் கை காட்டிக்கொண்டே போயிருக்கிறது. பின்னால் வந்த பஸ்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

ஆடிக் காற்றில் இழுக்க முடியுமா?

நம் பக்கம் இழுப்பவர் யாராக இருந்தாலும் முதலில் படிக்க வேண்டிய பதில் இது.

தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் என்று வீசிக்கொண்டே போகிறது. அதனால்தான் இந்தப் பக்கம் பார்த்த இடமெல்லாம் காற்றாலை. காற்று மேற்கிலிருந்து கிழக்கே. பல்லடத்திலிருந்து உடுமலை போகிற சாலையோ வடக்கிலிருந்து தெற்கே. அதாவது காற்று முழுவதும் விலாவில். கேரவனின் பக்கவாட்டுச் சுவர் ஒரு பாய்மரம் மாதிரி.

முதல் வருடம் ஆடி மாதம், குடிமங்கலத்துக்கு முன்னால். வேகம் 80. ரோடு நேராக, காலியாக இருந்தது. எதிரே ஒரு பஸ் வந்து கடந்தது. பஸ் பக்கத்தில் இருந்த அந்த நொடி காற்று அடங்கி, பஸ் போனதும் திரும்ப வந்து அறைந்தது. கண்ணாடியில் கேரவனின் இடது மூலை தெரிந்தது, அப்புறம் வலது மூலை, அப்புறம் இடது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. ஸ்டீயரிங் கையில் லேசாகி, காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. "ஏனுங்க, பின்னால வீடு ஆடுதுங்க" என்றாள் மனைவி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக்கூடாது. பிரேக் பிடித்தால் கார் நிற்கப் பார்க்கும், பின்னால் இருக்கிற ஒரு டன் நிற்காமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வரும். எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் ஒடித்துச் சமாளிக்கவும் கூடாது, அது ஆட்டத்தைக் கூட்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாக விழும்வரை விட்டுவிட வேண்டும். எனக்கு 60க்கு வந்ததும் ஆட்டம் நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது ஆனி, ஆடியில் விடியற்காலம் கிளம்பி, வெயில் ஏறிக் காற்று வேகம் பிடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். எந்த மாதமாக இருந்தாலும் 65க்கு மேல் இல்லை.

அன்றைக்கு ஆடியதற்குக் காற்று மட்டும்தான் காரணமா?

இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு எடைமேடையும், எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) சொன்ன ஒரு வார்த்தையும் வேண்டியிருந்தது.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே எழும்பிக் கயிறு கழுத்தை இறுக்கும், வண்டி நிலைகொள்ளாமல் அலையும். "துளி முன்பாரம் இருக்கோணும், மாடு நிம்மதியா நடக்கும்" என்பார் அப்புச்சி. கேரவனுக்கும் அதே கதை, மாட்டுக்குப் பதில் கார். கொக்கியின் மேல் உட்காரும் எடை, கேரவன் மொத்த எடையில் ஏழு சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. கொக்கி தாங்குகிற அளவையும் தாண்டக்கூடாது, அது கொக்கித் தகட்டிலேயே இருக்கும்.

காங்கயத்தில் அரிசிக்கும் தேங்காய்ப் பருப்புக்கும் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. கேரவனைக் கழற்றி முழுவதும் மேடைமேல் ஏற்றினோம்: 1,120 கிலோ. அப்புறம் முன்னால் இருக்கிற சின்ன ஜாக்கிச் சக்கரம் மேடைக்கு வெளியே இருக்குமாறு உருட்டினோம்: 1,090. கழித்தால் முன்பாரம் வெறும் 30 கிலோ. இருக்க வேண்டியது 80க்குப் பக்கத்தில். உள்ளே போய்ப் பார்த்தால், 30 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டைக் கடைசிச் சுவரோரம் வைத்திருந்தேன். இடைஞ்சல் இல்லாத இடம் என்று நினைத்து வைத்தது. இரண்டையும் அச்சுக்கு முன்னால், தரையோடு வைத்துக் கட்டிவிட்டு மறுபடி ஏற்றினால் 1,120க்கு 1,040. முன்பாரம் 80.

இவ்வளவுதான். இரண்டு கேன். எடைமேடைக்காரர் இரண்டாவது தடவைக்குக் காசு வாங்கவில்லை, "என்ன பண்றீங்கன்னு மட்டும் சொல்லீட்டுப் போங்க" என்றார்.

கனமானதெல்லாம் அச்சை ஒட்டி, தரையை ஒட்டி. மேல் அலமாரியில் துணிமணி மட்டும். அரிசி மூட்டையைக் காரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

மலை ஏறலாமா?

ஏறுவதைப் பற்றி டீசல்காரனுக்குக் கவலை வேண்டாம். இறங்குவதைச் சொல்கிறேன்.

கேரவன் பிரேக்கில் சாதாரணமாக வருவது, கார் வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னால் தள்ளுகிற தள்ளலிலேயே வேலை செய்யும் வகை. கவ்வி உள்ளே அமுங்கும், அது கம்பியை இழுக்கும், டிரம் பிடிக்கும். சமதளத்தில் அருமை. நீண்ட இறக்கத்தில் கேரவன் விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால், டிரம்மும் விடாமல் உரசிக்கொண்டே வரும்.

ஆசனூரிலிருந்து திம்பம் வழியாக இறங்கிவந்தபோது இது எனக்குத் தெரியாது. 27 கொண்டை ஊசி. கார் பிரேக்கைச் சூடாக்கக்கூடாது என்று இரண்டாம் கியரில் சமத்தாக இறங்கினேன். லாரிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, நம் வண்டிக்குக் கிடையாது. டீசல் எஞ்சின் காலை எடுத்தவுடன் பெட்ரோல் அளவுக்குப் பிடிப்பதில்லை, அதனால் சின்னக் கியர் கட்டாயம். அடிவாரத்தில் பண்ணாரி அம்மன் கோயில் பக்கம் நிறுத்திவிட்டுப் பின்னால் போனால் ஒரு கருகல் வாசம். கேரவன் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. நடுவில் இருக்கும் மூடியின் ஓரமாகக் கிரீஸ் உருகித் தேன் மாதிரி வழிந்திருந்தது. தண்ணீர் ஊற்றக் குடத்தோடு வந்த ஒருவரைத் தடுத்து நிறுத்தினேன். சூட்டு டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டோம்.

இப்போது இறங்குவதானால் சின்னக் கியரோடு, நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுவேன். உண்மையைச் சொன்னால், இப்போதெல்லாம் மலைக்குக் கேரவனைக் கொண்டுபோவதே இல்லை. மேட்டுப்பாளையத்தில் தெரிந்தவர் தோட்டத்தில் நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் ஊட்டி. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், மறந்துவிடாதீர்கள். வால்பாறையின் 40 வளைவும் கொல்லிமலையின் 70 வளைவும் கேரவனோடு நினைத்தே பார்க்க வேண்டாம். பஸ் போகிறதே என்பீர்கள். பஸ் நடுவில் ஒடியாது. கேரவன் வளைவில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், சக்கரம் சுவரில் ஏறும்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

இரண்டும் சரி. மேனுவலில் கிளட்ச் கருகுவது பெரும்பாலும் மேட்டில் ரிவர்ஸ் தள்ளும்போது. போர் வீல் லோ (நாலு சக்கரமும் சின்னக் கியரில் இழுக்கும் வசதி) இருந்தால் அப்போது போடுங்கள், நேராகப் போகும்வரை. காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு ஒடித்துத் திருப்பினால் பல்சக்கரம் முறுக்கிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்காரர்கள் கியர் ஆயிலைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றுங்கள். பாரத்தில் முதலில் சூடாவது அதுதான்.

மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

தனியாக 11. கேரவனோடு 7. காங்கயத்திலிருந்து ராமேசுவரம் போய் வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர், அதாவது 100 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிறது, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எடையைவிடக் காற்றுத் தடைதான் அதிகம் குடிக்கிறது. 80ல் போனதற்கும் 60ல் போவதற்கும் எனக்கு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தது.

பிஎஸ் 6 டீசலில் ஏதோ பில்டர் அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

பிஎஸ் 6 என்பது புகைக் கட்டுப்பாட்டு விதி. அதன்படி 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் உண்டு. அது நிறைந்ததும் வண்டி தானாகவே சூட்டைக் கூட்டி, 600 டிகிரி சுமாருக்குக் கொண்டுபோய்க் கரியை எரித்துவிடும். அதற்குக் கொஞ்ச நேரம் விடாமல் ஓட வேண்டும். என் மச்சான் வண்டி வீட்டிலிருந்து பனியன் கம்பெனிக்கு நாலு கிலோமீட்டர், திரும்ப நாலு. மூன்றாவது மாதமே விளக்கு எரிந்தது. கேரவன் இழுப்பது இந்தப் பில்டருக்கு உண்மையில் நல்லது, சைலன்சர் நன்றாகச் சூடேறும். கெடுப்பது, இழுக்காத மீதி மாதங்களில் கடைத்தெருவுக்கு மட்டும் எடுப்பது. வாரத்துக்கு ஒரு தடவை அவினாசியிலிருந்து பெருந்துறை வரையாவது நெடுஞ்சாலையில் விட்டுவிட்டு வாருங்கள்.

புகையைச் சுத்தமாக்க ஆட்புளூ ஊற்றுகிற வண்டி என்றால், அது 32.5 சதவீத யூரியாக் கரைசல். தோட்டத்தில் உர யூரியா இருக்கிறதே என்று கலக்கிப் பார்க்கிற யோசனை நம் ஊரில் கட்டாயம் ஒருவருக்கு வரும். செய்யாதீர்கள்.

டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் ஆயுளாமே?

அது டெல்லிச் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் போட்ட உத்தரவு. இங்கே 15 வருடம், அப்புறம் தகுதி காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

கேரவனுக்கும் ஆர்சி வேண்டுமா?

வேண்டும். டிரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டியதுதான். அதற்கென்று தனி எண். அதோடு, இழுக்கிற காரின் எண்ணும் கேரவனின் பின்பக்கம் தெரிய வேண்டும். வாங்கும்போதே விற்பனைச் சான்றான படிவம் 21, தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டும் கையில் வருகிறதா என்று பாருங்கள். அவை இல்லாமல் மலிவாகக் கிடைப்பது தோட்டத்தில் நிறுத்தி வைக்க மட்டும் உதவும். காரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கொக்கி மாட்டியிருப்பதை எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு டோல்கேட்டில் மெஷின் மூன்று அச்சு என்று எண்ணிவிட்டு, கேட் திறக்கவே இல்லை. பின்னால் பதினைந்து வண்டி ஹாரன். இப்போது ஓரத்து லேனில்தான் நுழைவேன்.

ரிவர்ஸ் எடுப்பது கஷ்டமா?

கார் ஓட்டுபவருக்குக் கஷ்டம், டிராக்டர் ஓட்டுபவருக்கு விளையாட்டு. எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிற அண்ணன்தான் எனக்குக் குரு. ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கை போகிற பக்கம் கேரவனின் வால் போகும். அறுவடை முடிந்த காட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழகினால் போதும்.

ஓடும்போது பிள்ளைகள் உள்ளே படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. பேரப்பிள்ளைகள் அழுதாலும் கூடாது. குடிமங்கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டரையும் மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

டயர் எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும்?

கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்றே செத்துவிடும். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிதாக இருந்தாலும் ஆறாவது வருடம் நான் வைத்திருக்க மாட்டேன். நிற்கும் காலத்தில் டயர்மேல் சாக்கைப் போட்டு மூடுங்கள். எலி ஒயரைக் கடிக்கும், அதற்கு இன்னும் எனக்கு வைத்தியம் கிடைக்கவில்லை.

இதெல்லாம் செலவுக்குத் தகுமா?

வருடத்துக்குப் பத்து நாள் போவதானால் தகாது. நல்ல லாட்ஜில் ரூம் போடுங்கள், மீதிப் பணத்தில் மாடு வாங்குங்கள். நாங்கள் வருடத்தில் நாற்பது நாள் போகிறோம். குலதெய்வம் கோயில் பொங்கலுக்குப் போனால் நூறு பேருக்கு ஒரு கழிப்பறைகூட இருக்காது. அன்றைக்கு என் மாமியார் இந்தக் கேரவனைப் பார்த்த பார்வையில் பாதிச் செலவு கழிந்துவிட்டது.

எங்க தோப்புல நிழலா இருக்குதே, அங்க நிறுத்திக்கலாமுங்களா?

அன்பாகக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் தென்னந்தோப்பைத்தான் காட்டுவார்கள். வேப்பமரத்தடி இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் வெயிலே மேல். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு காய் விழுந்தது. கூரையில் அந்தக் குழி இன்னும் இருக்கிறது, மழை பெய்தால் அரைச் சொம்பு தண்ணீர் நிற்கும்.